சோபே ஆற்றங்கரைக்குச் சொந்த வண்டியில் போகிறோம், சவூட்டியையும் சேர்க்கலாமா?

கேள்வி: போட்ஸ்வானாவில், கபரோனில் வேலை பார்க்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரம் மனைவி, 10 வயது மகள், திருச்சியிலிருந்து வந்திருக்கும் அப்பா ஆகியோருடன் சோபே தேசியப் பூங்காவுக்கு நாங்களே வண்டி ஓட்டிப் போக ஆசை. அப்பாவுக்கு 68 வயது. இன்சுலின் போடுகிறார், முழங்கால் வலியும் உண்டு. வண்டி டொயோட்டா ஃபார்ச்சூனர், டீசல், ஃபோர் வீல் டிரைவ். ஆனால் தார் ரோட்டை விட்டு இறக்கி ஓட்டியதில்லை. கூரை மேல் விரிக்கும் டென்ட் வாடகைக்குக் கிடைக்கிறது. பூங்காவை ஒட்டிய கசானே ஊரில் ஒரு இரவு, பூங்காவுக்குள் ஆற்றங்கரை இஹாஹா முகாமில் மூன்று, தெற்கே உள்காட்டுச் சவூட்டியில் இரண்டு, அங்கிருந்து மாவுன் வழியாகத் திரும்புவது என்று திட்டம். இது சரிவருமா? டயரில் காற்று எவ்வளவு வைப்பது? யானை வழிமறித்தால் என்ன செய்வது? அப்பாவை அழைத்துப் போகலாமா?

பதில்: அப்பாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். சவூட்டியை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

கசானேயிலிருந்து சவூட்டிக்கு சுமார் 170 கி.மீ.தான். கச்சிகாவு கிராமம் வரை தார் ரோடு. அதன் பிறகு கோஹா கேட் வரைக்கும், கேட்டைத் தாண்டியும் ஆழமான மணல். மழை நின்று நாலைந்து மாதம் ஆகியிருக்கும். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அந்த மணல் மாவாகப் பொடிந்து கிடக்கும். பழகிய கைக்கே ஐந்து மணி நேரம் பிடிக்கும் வழி அது. கசானேயை விட்டால் மாவுன் வரை சுமார் 370 கி.மீ.க்கு டீசல் கிடையாது. நடுவில் விலங்கு பார்க்கச் சுற்றுவதையும் சேர்த்தால் 500 கி.மீ. ஆகிவிடும். தார் ரோட்டில் லிட்டருக்கு 11, 12 கி.மீ. தரும் வண்டி மணலில் பாதிதான் தரும். உங்கள் 80 லிட்டர் டேங்க் போதாது. இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான், இரண்டு கேனில் டீசல் எடுத்துப் போகலாம். சமாளிக்க முடியாதது வேறு. ஒற்றை வண்டியில் போய்ச் சிக்கிக்கொண்டால், அடுத்த வண்டி வரும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். இன்சுலின் போடும் ஒருவரையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு முதல் மணல் பாடத்தை அங்கே படிக்க வேண்டாம். இன்னொரு வண்டி துணைக்கு வரும் வருடத்தில் சவூட்டிக்குப் போங்கள்.

ஆற்றங்கரையில் நிலைமை வேறு. மணல் அங்கேயும் உண்டு. ஆனால் சிக்கினால் கால் மணி, அரை மணிக்குள் எந்த லாட்ஜ் வண்டியாவது வந்துவிடும். இழுத்துவிடத் தயங்க மாட்டார்கள். மணலில் ஓட்டப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் வடக்கு போட்ஸ்வானாவில் இல்லை. விலங்குகளும் அந்தப் பருவத்தில் அங்கேதான் இருக்கும். 2022இல் ஐந்து நாடுகள் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் போட்ஸ்வானா பக்கம் மட்டும் சுமார் 1,32,000 யானைகள். உள்காட்டுக் குட்டைகள் வற்ற வற்ற, சுற்றுவட்டார யானைகள் தண்ணீருக்கு இந்த ஆற்றுக்குத்தான் வந்தாக வேண்டும். எருமை மந்தை, சிங்கம், சேபிள் எனப்படும் கருமான், போட்ஸ்வானாவில் வேறெங்கும் பார்க்க முடியாத பூக்கு மான், எல்லாம் இந்தக் கரையிலேயே உண்டு.

ஆகவே இப்படி மாற்றுங்கள். முதல் நாள் கபரோனிலிருந்து ஃபிரான்சிஸ்டவுன் வழியாக நாட்டா வரை, 620 கி.மீ. அங்கே தங்குங்கள். இரண்டாம் நாள் நாட்டாவிலிருந்து கசானே, 300 கி.மீ. மதியத்துக்குள் சேர்ந்துவிடலாம். கசானேயில் சமையலறையோடு கூடிய அறையாகப் பார்த்து இரண்டு இரவு. அடுத்து இஹாஹாவில் இரண்டு இரவு. திரும்பி வந்து கசானேயில் ஒரு இரவு. நாட்டா–கசானே ரோட்டை இருட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள். இருபுறமும் வேலி கிடையாது. யானை கறுப்பு, தாரும் கறுப்பு, அதன் கண்ணும் விளக்கு வெளிச்சத்தில் மான் கண் மாதிரிப் பளிச்சிடாது. டீசலை நாட்டாவில் நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவில் பண்டமாட்டெங்காவில் கிடைக்கும் என்றாலும் அதை நம்பி டேங்கை வற்றவிட வேண்டாம்.

இஹாஹாவில் மொத்தம் பத்து இடங்கள்தான். தனியார் நிறுவனம் ஒன்று குத்தகைக்கு எடுத்து நடத்துகிறது. ஆகஸ்ட் மாதத்துக்குப் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். முன்பதிவு உறுதிச் சீட்டு கையில் இல்லாமல் இரவு தங்க உள்ளே விட மாட்டார்கள். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே செல்லாது. இடம் கிடைக்கவில்லை என்றால் ஐந்து இரவும் கசானேயிலேயே தங்கிப் பகலில் உள்ளே போய் வாருங்கள், பெரிதாக எதுவும் குறையாது. பகல் வண்டிகளுக்கு, கசானே பக்கத்துப் பூங்கா நுழைவாயிலான செடுடு கேட்டில் நேரக் கட்டுப்பாடு வைப்பதும் தளர்த்துவதும் உண்டு. கசானேயில் சேர்ந்த அன்றே கேட்டில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு, அதோடு வண்டிக்கு என்று தனித்தனி. போட்ஸ்வானாவில் வசிப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. உங்கள் மூவரின் வசிப்பு அனுமதி அட்டைகளை மறக்காமல் எடுத்துப் போங்கள், காட்டினால்தான் சலுகை. அப்பாவுக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான். ஒரு நாள் கட்டணத்தில் அன்று வண்டியிலும் சுற்றலாம், படகிலும் போகலாம் என்பதால் படகுச் சவாரியையும் வண்டிச் சுற்றையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கார்டு மெஷின் சிக்னல் இல்லாமல் படுத்துவிடும், பூலா (போட்ஸ்வானா பணம்) நோட்டும் வைத்திருங்கள்.

இனி வண்டி. ஃபார்ச்சூனர் போதும். ஆற்றங்கரைக்கு அதன் உயரமும் எல்4 கியரும் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் ஃபோர் வீல்) தாராளம். குறை இரண்டு இடத்தில். ஒன்று டயர். கூடவே வரும் டயர் தார் ரோட்டுக்கானது. மொபானே மரத்தின் ஒடிந்த கட்டை, டயரின் பக்கச் சுவரைக் குத்தினால் பஞ்சர் ஒட்ட முடியாது. டயரே போய்விடும். இரண்டாவது ஸ்டெப்னி ஒன்று ரிம்மோடு கடன் வாங்கியாவது எடுத்துப் போங்கள். இன்னொன்று இழுக்கும் கொக்கி. முன்னாலும் பின்னாலும் வண்டிச் சட்டத்தில் போல்ட் போட்ட, மீட்புக்கென்றே செய்த கொக்கி இருக்கிறதா என்று கபரோனிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிறு கட்டக் கூடாது. அது முறிந்தால் பின்னால் நிற்கும் வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும்.

காற்று விஷயத்தில்தான் புதியவர்கள் எல்லோரும் சறுக்குவது. ஃபோர் வீல் போட்டாயிற்றே என்று தார் ரோட்டுக் காற்றோடு மணலில் இறங்கி, சக்கரம் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு உள்ளே போனதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பார்கள். காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படும் பகுதி நீண்டு வண்டியின் எடை பரவும். மணல் தாங்கும். தார் ரோட்டில் நீங்கள் வைத்திருப்பது 32 முதல் 35 பி.எஸ்.ஐ. இருக்கும். செடுடு கேட்டில் ரசீது போடும்போதே நான்கு சக்கரத்தையும் 22க்கு இறக்கிவிடுங்கள். அதிலும் திணறினால் 18. சிக்கிக்கொண்டு வெளியே வருவதற்கு மட்டும் 15 வரை போகலாம். ஆனால் 15இல் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும், வெளியே வந்ததும் உடனே ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு தாரில் 80இல் ஓட்டினால் டயர் உள்ளுக்குள் சூடேறிக் கிழிந்துவிடும். எனவே பேட்டரியில் நேராகக் கவ்வி மாட்டும் கம்ப்ரசரும், கையில் பிடிக்கும் காற்றுமானியும் கட்டாயம். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன கம்ப்ரசர் நான்கு பெரிய டயருக்குத் தாங்காது, ஃபியூஸ் போகும்.

கியரைப் பொறுத்தவரை, கேட்டைத் தாண்டியதும் எச்4 (வழக்கமான வேகத்துக்கான ஃபோர் வீல்) போட்டுவிடுங்கள், சிக்கிய பிறகல்ல. எல்4க்கு மாற்ற வண்டி முழுதாக நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். அதனால் ஆழமான மணல் மேடு தெரிந்தால் அதற்கு முன்னாலேயே, தரை கெட்டியாக இருக்கும் இடத்தில் நின்று மாற்றுங்கள். சக்கரம் வழுக்குவதை உணர்ந்து தானாகவே எஞ்சின் வேகத்தைக் குறைக்கும் வசதி மணலில் எதிரி. வேகம் தேவைப்படும் நேரத்தில் அது மூச்சை அடைத்துவிடும். வண்டி நின்றிருக்கும்போது அதற்கான பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவையுங்கள். ஏற்கெனவே போன சக்கரத் தடத்திலேயே போங்கள், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் தடம் இழுக்கும் பக்கம் விடுங்கள். கட்டை விரலை ஸ்டியரிங் உள்ளே கோக்காதீர்கள், பக்கக் குச்சி தட்டினால் அது சுழன்று விரலை முறிக்கும். நிற்க வேண்டுமென்றால் பிரேக் போடாமல் காலை எடுத்து, தானாக நிற்க விடுங்கள். பிரேக் போட்டால் முன்சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும், கிளம்பும்போது அதுவே தடை.

வண்டி முன்னேறாமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறதா? அந்த விநாடியே காலை எடுங்கள். இன்னும் இரண்டு மிதி மிதித்தால் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு ஒரு மணி நேர வேலை. முதலில் வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், பத்தில் ஏழெட்டு முறை அதுவே போதும். போதவில்லை என்றால் கண்ணாடிக்குள்ளிருந்தே நாலாபுறமும் நிதானமாகப் பாருங்கள். புதர், நிழல், ஆற்று மேடு, வண்டியின் பின்பக்கம். ஒன்றுமில்லை என்று தெரிந்தால், ஒருவர் மட்டும் இறங்கி வேலை செய்ய, ஒருவர் கதவைத் திறந்துவைத்துக் காவல் இருக்க வேண்டும். அப்பாவும் மகளும் உள்ளேயே. காற்றை இறக்குங்கள். நான்கு சக்கரத்தின் முன்னாலும் உள்ள மணலை வாரி, நடுவில் டிஃபரன்ஷியல் உருண்டை மணலில் இடிக்கிறதா என்று பார்த்து அதன் கீழும் வாரிவிட்டு, மணல் பலகையைச் சக்கரத்துக்கு அடியில் முடிந்தவரை ஆழமாகச் செருகி, எல்4இல் மெதுவாக எடுங்கள். ஜாக்கி வைக்க நேர்ந்தால் அதன் கீழ் ஓரடிக்கு ஓரடி பலகை வேண்டும், வெறும் மணலில் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி எழும்பாது. பக்கத்தில் யானையோ சிங்கமோ இருந்தால் இதில் எதையும் செய்யாமல் உள்ளேயே உட்கார்ந்திருங்கள். அடுத்த வண்டி வரும்.

காலையில் மணல் குளிர்ந்து இறுகியிருக்கும். உச்சி வெயிலில் அதே மணல் தளர்ந்துவிடும். மேடு ஏறும் பகுதிகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வது லாபம்.

அடுத்து, கேட்டில் நேரம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6.30க்கு மூடுவார்கள். வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது, ஆனால் ஆற்றங்கரையில் 20ஐத் தாண்டவே வாய்க்காது. செடுடு கேட்டிலிருந்து இஹாஹா 27 கி.மீ. தூரத்தை வைத்து ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். பார்த்துக்கொண்டே போனால் மூன்று மணி நேரம். மதியம் மூன்றுக்கு மேல் யானைக் கூட்டங்கள் தெற்கே காட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும். ஆற்றுக்கும் காட்டுக்கும் நடுவில் ஓடும் உங்கள் பாதையைத்தான் அவை கடந்தாக வேண்டும். ஒரு கூட்டம் கடக்க இருபது நிமிடம், பின்னாலேயே இன்னொன்று. நாலு மணிக்குக் கிளம்பினால் ஆறுக்குள் கேட்டுக்கு வந்துவிடலாம் என்ற கணக்கு இங்கேதான் பொய்க்கும். ஐந்தரைக்குள் முகாமிலோ கேட்டுக்குப் பக்கத்திலோ இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பின் பூங்காவுக்குள் வண்டி ஓட்டத் தடை. வேட்டைக்காரர்களைத் தேடி ராணுவம் ரோந்து வரும் எல்லைப் பகுதி இது. இரவில் அலையும் வெளிச்சத்தை அவர்கள் சுற்றுலாப் பயணி என்று நினைக்க வேண்டிய அவசியமில்லை.

படம் எடுக்க ஆசையிருந்தால் இன்னொரு கணக்கு. ஆறு வடக்கே, நீங்கள் தென்கரையில். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் ஆகஸ்டில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். நடுப்பகலில் ஆற்றைப் பார்த்து எடுக்கும் எல்லாப் படமும் எதிர்வெளிச்சத்தில் கறுத்துப்போகும். காலையில் கசானேயிலிருந்து மேற்கே போங்கள், மாலையில் கிழக்கே திரும்புங்கள். வெயில் முதுகில் இருக்கும். இஹாஹாவில் தங்கும் நாளில் காலையில் ங்கோமா கேட் பக்கம், மேற்கே போங்கள். அந்தப் பக்கம் வண்டிக் கூட்டமும் குறைவு.

யானை வழிமறித்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதலில், நம் ஊர் யானையைப் பார்த்துப் பழகிய இரண்டு அடையாளங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். தந்தம் இருந்தால் ஆண் என்பது ஆப்பிரிக்க யானைக்குப் பொருந்தாது, பெண்ணுக்கும் தந்தம் உண்டு. கன்னத்தில் ஈரம் வழிந்தால் மதம் என்பதும் பொருந்தாது. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் குட்டிக்கும்கூட பரபரப்பு வந்தால் கன்னப்பொறியிலிருந்து நீர் கசியும். மதம் பிடித்த ஆணை அடையாளம் காணப் பின்னங்காலைப் பாருங்கள். சிறுநீர் சொட்டிக்கொண்டே இருந்து தொடையின் உள்பக்கம் நனைந்து கறுத்திருக்கும், தூரத்திலேயே நெடி அடிக்கும். தலையை நிமிர்த்தி நடக்கும். அந்த யானைக்குப் பாதையை முழுதாக விட்டுவிட வேண்டும். நூறு மீட்டர்கூட அதிகமில்லை.

மற்ற நேரங்களில் அபாயம் வருவது பெரும்பாலும் கன்றுகளோடு வரும் பெண் கூட்டத்திடமிருந்து. நடுவில் புகாதீர்கள். பாதையின் ஒரு பக்கம் இரண்டு பெரிய யானை, மறுபக்கம் புதருக்குள் ஒரு குட்டியின் முதுகு தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள். கடைசி யானை கடந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இரண்டு நிமிடம் பொறுங்கள், பின்தங்கிய ஒன்று ஓடிவரும். எஞ்சினை அணைக்க வேண்டாம். அணைத்துவிட்டு நெருக்கத்தில் மீண்டும் ஸ்டார்ட் செய்யும் உறுமல்தான் யானையைத் திடுக்கிட வைக்கும். ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கை மின்ன வைக்காதீர்கள். பின்னால் போக இடம் இருக்கிறதா என்பதை நின்ற உடனேயே பார்த்து வையுங்கள். இன்னொரு வண்டி உங்கள் பின்னால் ஒட்டி நின்றால், கையை வெளியே நீட்டி இடைவெளி விடச் சொல்லுங்கள்.

காதை விரித்து, தலையை உதறி, புழுதியைக் கிளப்பி இரண்டடி ஓடிவந்து நின்றால் அது எச்சரிக்கை. மெதுவாக, சீராக ரிவர்ஸ் எடுங்கள். துதிக்கையைச் சுருட்டி உள்ளே மடக்கி, காதைக் கழுத்தோடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி ஓசையில்லாமல் வந்தால் அது விளையாட்டல்ல. வேகமாக வெளியேற வேண்டியது அப்போதுதான். முன்னால் திறந்த பாதை இருந்தால் முன்னால், இல்லையேல் பின்னால். மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: அந்த நேரம் கத்தக் கூடாது, ஜன்னலிலோ கூரைத் திறப்பிலோ தலையை நீட்டக் கூடாது.

முகாமுக்கு வருவோம். இஹாஹாவைச் சுற்றி வேலி இல்லை. யானை, நீர்யானை, கழுதைப்புலி, சில இரவுகளில் சிங்கம், எல்லாம் நீங்கள் அடுப்பு மூட்டும் இடத்தின் வழியாகவே நடக்கும். குளியலறையும் கழிப்பறையும் உண்டு, நடந்து போகும் தூரம். அப்பாவுக்கு இரவில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்க வேண்டியிருக்குமே, அதுதான் உண்மையான கேள்வி. கூரை டென்டின் ஏணி, வலிக்கும் முழங்காலுக்கு ஆகாது. அதுவும் இருட்டில், தூக்கக் கலக்கத்தில். கூரை டென்டை நீங்களும் மனைவியும் மகளும் வைத்துக்கொள்ளலாம், அப்பாவுக்குத் தனியாகத் தரை டென்ட் என்று சிலர் யோசிப்பார்கள். அதுவும் வேண்டாம், 68 வயதில் தனியாகத் தரையில் விடுவது முறையல்ல. நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள ஒரு தரை டென்ட், இரண்டு அறை கொண்டதாக வாங்குங்கள், நால்வரும் அதிலேயே படுங்கள். வண்டியை வாசலுக்கு நெருக்கமாக, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். மூடியுள்ள வாளி ஒன்று உள்ளே இருக்கட்டும், இருட்டிய பின் கழிப்பறைக்கு நடப்பது யாருக்கும் கிடையாது. அப்பாவுக்கு மடக்குக் கட்டில். ஜிப்பை அடிவரை இழுத்து மூடியிருந்தால் விலங்கு டென்டைச் சுவராகத்தான் பார்க்கும். காற்றுக்காகக் கால்வாசி திறந்து வைப்பதுதான் வினை.

சாப்பாட்டில் ஒரே ஒரு கட்டாயம்: எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி எதுவும் முகாமுக்குள் கொண்டுபோகாதீர்கள். சிட்ரஸ் மணத்துக்கு யானை வண்டிக் கண்ணாடியை உடைக்கும், டென்டைக் கிழிக்கும். பயணம் என்றாலே எலுமிச்சைச் சாதம் என்பது நம் வழக்கம். அதைக் கசானே அறையிலேயே முடித்துவிடுங்கள், இஹாஹாவுக்குப் புளிச்சாதம். குக்கர் விசில் பிரச்சினையில்லை, பபூன்தான் பிரச்சினை. இரண்டு நொடி முதுகைத் திருப்பினால் ரொட்டிப் பொட்டலம் மரத்தில் இருக்கும். சாப்பிட்ட கையோடு பாத்திரம், குப்பை, ஐஸ்பெட்டி, செருப்பு உட்பட எல்லாம் வண்டிக்குள். கழுதைப்புலிக்குச் செருப்பென்றால் உயிர். மேசை நாற்காலியைக்கூட இரவில் வெளியே விடாதீர்கள். ஆறு தாழ்ந்திருக்கும் மாதங்களில் திருட ஆளும் வரலாம், அக்கரை நமீபியா. பாத்திரம் கழுவவோ கை நனைக்கவோ ஆற்றங்கரைக்கு இறங்காதீர்கள், முதலை கண்ணுக்குத் தெரியாது. மாலையில் மேயக் கரையேறும் நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்காதீர்கள்.

குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் கணக்கில் இரண்டு நாளைக்கு 40 லிட்டர், சமையலுக்கு இன்னொரு 20. முகாமில் ஆழ்குழாய்த் தண்ணீர் உண்டு. ஆனால் யானை குழாயைத் தோண்டி உடைத்தால் அன்றைக்கு இல்லை. விறகைக் கசானேயிலேயே வாங்குங்கள், பூங்காவுக்குள் பொறுக்கக் கூடாது.

இன்சுலினைக் காரில் வைக்கும் 12 வோல்ட் ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்கு வைத்து, பக்கச் சுவரில் படாமல் ஒரு டப்பாவில் துணி சுற்றி நடுவில் வையுங்கள். சுவரை ஒட்டிய மருந்து உறைந்துவிடும், உறைந்த இன்சுலினைக் கரைந்த பிறகும் போடக் கூடாது. பாதியை அப்பாவின் கைப்பையிலும் வைத்திருங்கள், எல்லாம் ஒரே இடத்தில் வேண்டாம். விடியற்காலை ஆறுக்குக் கிளம்பும் நாளில் ஊசி போட்டுவிட்டு, சிங்கம் பார்க்கிறேன் என்று காலை உணவைப் பத்து மணிக்குத் தள்ளுவதுதான் சர்க்கரை இறங்கக் காரணம். வண்டியிலேயே சாப்பிட ஏற்பாடு வேண்டும், குளுக்கோஸ் கைக்கெட்டும் இடத்தில். கசானேயில் அரசு மருத்துவமனை உண்டு. ஆம்புலன்ஸ் எண் 997. கசானேயைத் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டு வரும், சில வளைவுகளில் போன் தானாக நமீபியா டவருக்குத் தாவி ரோமிங் காசு எடுக்கும்.

கபரோனில் மலேரியா இல்லை, சோபேயில் உண்டு. ஆகஸ்டில் கொசு குறைவுதான், இல்லை என்று அர்த்தமில்லை. தடுப்பு மாத்திரை மகளுக்கு எடைக்கேற்ற அளவு, அப்பாவுக்கு அவர் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளோடு ஒத்துப்போவது, இரண்டையும் மருத்துவரிடம் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே பேசுங்கள். திரும்பி வந்த பின் காய்ச்சல் வந்தால் சோபே போனதை முதல் வரியிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் 10 டிகிரியை ஒட்டி இறங்கலாம், ஸ்வெட்டரும் குல்லாவும் அப்பாவுக்கு வேண்டும்.

அப்பாவுக்கு உங்கள் வண்டியைவிடப் படகு பிடிக்கும் என்று நினைக்கிறேன். கசானேயில் மதியம் மூன்று மணிவாக்கில் கிளம்பும் படகுகள் செடுடு தீவைச் சுற்றிவரும். இந்தத் தீவு யாருக்கு என்று நமீபியாவும் போட்ஸ்வானாவும் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999இல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. புல்லுக்காக யானைகள் வரிசையாகத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தீவுக்கு நீந்தும். வண்டியிலிருந்து தூரத்துக் கறுப்புப் புள்ளிகள், படகிலிருந்து முகம் தெரியும். நாற்பது ஐம்பது பேர் ஏறும் பெரிய படகைத் தவிர்த்து, சாய்மான நாற்காலி உள்ள சின்னப் படகாகக் கேளுங்கள். ஒரு விடியற்காலை வழிகாட்டியோடு லாட்ஜ் வண்டியிலும் போங்கள். சிங்கம் எங்கே என்று அவர்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள், உங்களுக்கு அந்தச் செய்தி வராது. அதை முதல் நாளிலேயே வைத்துக்கொண்டால் பாதையும் பிடிபடும்.

விக்டோரியா அருவி கசானேயிலிருந்து 80 கி.மீ.தான் என்று யாராவது ஆசைகாட்டுவார்கள். அப்பாவின் போட்ஸ்வானா விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் எல்லை தாண்டிப் போனவர் திரும்பி உள்ளே வர முடியாது. விசாவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். போவதானாலும் உங்கள் வண்டியைக் கசானேயில் விட்டுவிட்டு டிரான்ஸ்பர் வண்டியில் போங்கள், எல்லையில் வண்டிக் காகித வேலை பாதி நாளைத் தின்னும்.

பூங்காவிலிருந்து வெளியே வரும் நாளில் தார் ரோடு ஏறுமுன் இரண்டு வேலை. நான்கு சக்கரத்திலும் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு குனிந்து வண்டியின் அடியைப் பாருங்கள். புகைக்குழாய்க்கும் காப்புத் தகட்டுக்கும் நடுவில் காய்ந்த புல் சிக்கியிருந்தால் கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள். சூடான குழாயில் அது புகைந்து, ஓடும் வண்டியின் அடியில் தீப்பிடித்து முழு வண்டியும் எரிந்த சம்பவங்கள் இந்த நாட்டில் உண்டு. ரேடியேட்டர் முன்னால் அடைத்த புல் விதையையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், இல்லையேல் நாட்டா ரோட்டில் எஞ்சின் சூடேறும். தெற்கே வரும்போது கால்நடை நோய்த் தடுப்புக் கேட்டுகளில் நிறுத்தி ஐஸ்பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கோமாரி நோய்க்காக வடக்கிலிருந்து பச்சை இறைச்சியைக் கொண்டுவரத் தடை. மிச்சம் இருப்பதைக் கசானேயிலேயே சமைத்து முடித்துவிடுங்கள். செருப்பைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் நனைக்கச் சொன்னால் பெட்டியில் இருக்கும் மற்ற ஜோடிகளையும் சேர்த்து நனைக்கச் சொல்லலாம், எல்லாவற்றையும் ஒரே பையில் மேலாக வைத்திருங்கள்.